காட்டை அழிப்பவர் யார்? 'இளவரசி மொனொனோகே'யின் வரலாற்றுப் பின்புலம்

ஹயாவ் மியாசாகியின் 'இளவரசி மொனொனோகே' (1997) இயற்கையைக் காக்கச் சொல்லும் அனிமேஷன் படமாகவே பெரும்பாலும் அறிமுகம் பெறுகிறது. அது சரியே; ஆயினும் போதாது. காட்டை அழிப்பவர் யார் என்ற வினாவுக்கு இப்படம் தரும் விடையை வரலாற்றோடு சேர்த்துக் காண விரும்புகிறோம்.

கதை முரோமாச்சிக் காலத்தில் (1336–1573) நிகழ்கிறது. நாயகன் அஷிடாகா வடகிழக்கில் ஒதுங்கி வாழும் எமிஷிக் குடியினன். அக்குடியை யமாத்தோ அரசு வென்றடக்கியது. சரணடைந்த தலைவன் அதெருய் 802-இல் கொல்லப்பட்டான். ஊரைத் தாக்க வந்த பன்றித்தெய்வத்தைக் கொன்று சாபமேற்கும் அஷிடாகா, அதன் உடலில் கிடைத்த இரும்புக் குண்டின் மூலத்தைத் தேடி மேற்கே செல்கிறான். எபோஷி என்னும் பெண் ஆளும், இரும்பு உருக்கும் ஊரை அடைகிறான்.

அங்குள்ளது 'தத்தாரா' என்னும் மரபு உலை. இரும்புமணலையும் மரக்கரியையும் மாறிமாறி இட்டு, இரவும் பகலும் துருத்தி மிதிக்க வேண்டும். பிற்காலத்துப் பேருலைகளில் ஒருமுறை உருக்குவதற்கே 10 டன்னுக்கும் மேற்பட்ட கரி தேவைப்பட்டது. காடு ஏன் கரைந்தது என்பது இதனால் விளங்கும்.

படத்தில் துருத்தி மிதிப்போர், விலைமகளிர் விடுதிகளிலிருந்து எபோஷி மீட்டுவந்த பெண்கள். உலைத்தெய்வம் கனயாகோ பெண்களை வெறுப்பவள் என்ற நம்பிக்கையால், உண்மையான தத்தாராக்களில் பெண்களுக்கு இடமில்லை. மியாசாகி அத்தடையைத் தலைகீழாக்குகிறார். உழவரையும் சாமுராய்களையும் தாண்டி, கைவினைஞர், நாடோடிகள், விலக்கப்பட்டோர் ஆகியோரின் வழியே இடைக்கால ஜப்பானை ஆராய்ந்த அமினோ யோஷிஹிகோவின் (1928–2004) பார்வையை இங்கே உணர்கிறோம்.

துப்பாக்கி செய்வோர் தொழுநோயாளர். அழுகிய தம் உடலைக் கழுவிக் கட்டியவள் எபோஷி ஒருத்தியே என்கிறார் அவர்களுள் ஒரு முதியவர். ஜப்பானில் தொழுநோயாளரை ஒதுக்கிவைத்த சட்டம், படம் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பு, 1996-இல்தான் நீக்கப்பட்டது. அவ்வொதுக்கல் அரசியலமைப்புக்கு முரணானது எனக் குமமோத்தோ நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது.

ஆக, காட்டை வெட்டும் கைகள் போக்கிடமற்றவர்களின் கைகள். இறவாமை வேண்டிக் காட்டுத்தெய்வத்தின் தலையைக் கேட்பவரோ பேரரசர். எபோஷி அத்தலையைக் கொய்யக் காட்டுக்குள் சென்றிருக்கும் வேளையில், இரும்பின்மேல் கண்வைத்த பிரபுவின் சாமுராய்கள் அவள் ஊரை முற்றுகையிடுகின்றனர். ஏவிய அரண்மனை படத்தில் எங்கும் காட்டப்படுவதே இல்லை.

முடிவில் மலை மீண்டும் பசுமை கொள்கிறது, தெய்வம் மீள்வதில்லை. ஓநாய்கள் வளர்த்த சான் மனிதரை மன்னிக்க மறுக்கிறாள். கையிழந்த எபோஷி நல்லதோர் ஊரை மறுபடி கட்ட எண்ணுகிறாள். இருவரின் நியாயத்தையும் மியாசாகி விட்டுக்கொடுக்கவில்லை. காடழிவைப் பற்றிப் பேசும்போது கோடரி ஏந்தியவனை மட்டும் நாம் குற்றவாளியாக்கினால், அவனை அங்கே துரத்திய சமூகமும் ஏவிய அதிகாரமும் எளிதில் தப்பிவிடும். இப்படம் நமக்கு விட்டுச்செல்லும் வரலாற்றுப் பாடம் இதுவே.