திருமூலர் வகுத்த மூச்சின் அளவை

காவிரியின் தென்கரையில் நெல்வயல்கள் சூழ விளங்குவது திருவாவடுதுறை. 1991 வரை தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்த இத்தலம் 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தின்கண் உள்ளது. இதனையடுத்த சாத்தனூரில் ஆநிரை மேய்த்த மூலன் இறந்துபட, பசுக்களின் துயர் காணப் பொறாத சிவயோகியார் அவனுடம்பிற் புகுந்த வரலாறு சைவர் யாவரும் அறிந்ததே. ஆயினும் சேக்கிழார் ஆண்டு வைத்த குறிப்பொன்றைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். யோகியார் தம்முயிரை அவ்வுடம்பிற் செலுத்தியது வாயுவின் வழியே என்பது பெரியபுராணத்துட் கண்டது. எனவே, திருமந்திரம் தோன்றுதற்கு வாயிலாய் நின்றது பிராணாயாமப் பயிற்சியே எனல் மிகையன்று.

பிராணாயாமம் பதஞ்சலியார்க்கே உரியது, சைவர் அதனை இரவலாகப் பெற்றனர் என்பாரும் உளர். திருமூலரோ நந்தியின் அருள்பெற்ற எண்மருள் பதஞ்சலியாரையும் தம்மோடு ஒருங்கு வைத்து எண்ணுகின்றார். (தில்லைப் பதஞ்சலியாரும் யோகசூத்திரம் செய்தாரும் ஒருவரேயோ என்பது வேறு ஆராயற்பாலது.) அன்றியும், மூச்சானது இடம், காலம், எண் என்பவற்றால் அளக்கப்படும் என்ற அளவில் யோகசூத்திரம் அமைகின்றது, எண் இத்துணையென்று கூறிற்றில்லை. திருமந்திரத்து மூன்றாந் தந்திரமோ அதனைத் தெளிய வகுத்துரைக்கின்றது: இடமூக்கின் வழிப் பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, வலமூக்கின் வழி இரேசகம் 32.

இனி, மாத்திரையாவது யாது? இக்காலத்தார் சிலர் அதனைக் கடிகாரத்து வினாடியாகக் கொண்டு ஒரு நிமிடத்திற்கு மேலும் மூச்சை அடக்க முயன்று இடர்ப்படுகின்றனர். தொல்காப்பியர் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையுமே மாத்திரைக்கு அளவாகக் கூறினார். இயல்பான இமைப்பு வினாடியினும் குறுகியது. தமிழ்நூலுள் வந்த மாத்திரைக்குத் தமிழிலக்கணத்து அளவையே கொள்ளுதல் பொருத்தமென்று தோன்றுகின்றது. முழங்காலைக் கையாற் சுற்றி நொடித்தல் என்னும் அளவும் வடமொழி யோகநூல்களுட் காணப்படுதலின், இதுவே முடிந்த முடிபென்று துணிதற்கில்லை.

மனவமைதியும் உடல்நலமும் கருதி மூச்சுப் பயில்வாரை, வீடுபேற்றிற்குரியதை உடலின் பொருட்டுச் செய்கின்றனர் என்று நம்மவருட் சிலர் இகழ்வர். இவ்விகழ்ச்சி நூலொடு பொருந்தாது. மூச்சினைப் பறவையினும் விரையும் குதிரையாக உருவகித்து, அதன்மேல் ஏறினார்க்குக் கள்ளுண்ணாமலே களிப்பு உண்டாம், சோம்பலும் அகலும் என்றவர் திருமூலரே. மூத்த உடலும் இளமையெய்தும் என்றார். அவ்விடத்தே குருவருளையும் உடன்வைத்து ஓதினார். பயில்வோர் விட்டுவிடுவது இப்பின்னதையே.

வெளிவிடும் மூச்சு நீளுங்கால் இதயத்துடிப்புத் தணிதலை இக்கால உடலியலாரும் கண்டுள்ளனர். இரேசகம் பூரகத்தின் இருமடங்காக வகுக்கப்பட்டமை இதனோடு வைத்து நோக்கத்தக்கது. கும்பகமோ அத்துணை எளிதன்று. இதயநோயும் இரத்த அழுத்தமும் உடையார் மருத்துவரையும் ஆசானையும் வினவாது அதனை மேற்கொள்ளலாகாது. அன்னோர் கும்பகத்தை விடுத்து, 4 மாத்திரை இழுத்து 8 மாத்திரை விடுதலே அமையும். 16-க்கு 32 என்ற விகிதம் அதனாற் கெடுவதில்லை.