கல்லில தமிழ், காற்றில தமிழ், வேட்டியில தமிழ்: சீன அரசு எங்களோட கதைச்ச கதை

2021 டிசம்பர் நடுப்பகுதி. இலங்கைக்கான சீனத் தூதர் கீ சென்ஹொங் வடக்குக்கு வந்தார். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் புத்தகங்களும் கணினிகளும் கொடுத்தார். நல்லூர்க் கோயில் வாசலில் வேட்டி கட்டி, மேல்சட்டை இல்லாமல் நின்றார். மன்னாரில் மீனவர்களுக்கு வலைகளும் உலர் உணவுப் பொதிகளும் கொடுத்தார். தலைமன்னார்ப் பக்கமிருந்து படகேறிப் போய், இராமர் அணையின் மணல் திட்டு ஒன்றில் இறங்கியும் பார்த்தார்.

படங்கள் பேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் பறந்தன. சில பேர் சிரிச்சினம், சில பேர் கோபப்பட்டினம். "பரவாயில்லை, எங்கட கோயிலை மதிச்சு வேட்டியோட வந்தவர்தானே" என்று சொன்ன ஆக்களும் இருந்தினம். எங்களுக்கு வந்த கேள்வி வேற. தமிழ் ஆக்களோட கதைக்க வேணும் என்று சீன அரசு நினைச்சது இதுதான் முதல் தடவையா?

இல்லை. அறுநூறு வருசத்துக்கு மேல இந்தக் கதை நடக்குது.

மாந்தையில கிண்ணம், காலியில கல்

மன்னார்த் தீவிலிருந்து பாலம் தாண்டிப் பெருநிலப் பக்கம் வந்தால் திருக்கேதீஸ்வரம். அதைச் சுற்றியிருக்கிற மண்தான் பழைய மாந்தைத் துறைமுகம், மாதோட்டம். 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் குழு அங்க தோண்டினபோது சீனப் பாண்டங்களின் துண்டுகள் கிடைச்சன. தாங் வம்சக் காலத்தில் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்களும் அதில இருந்தன. அந்தக் கிண்ணங்களை வியாபாரிகள் கொண்டு வந்தவை. பாவிச்சு உடைஞ்சு மண்ணுக்குள்ள போயிட்டு. அதில எந்த அரசின் செய்தியும் இல்லை.

செய்தியோட வந்தது ஒரு கல். மிங் பேரரசர் யொங்லே அனுப்பின கடற்படையின் தளபதி செங் ஹ அதை இலங்கைக்குக் கொண்டு வந்தார். கல்லில இருக்கிற தேதி 1409 பெப்ரவரி 15. நான்ஜிங்கில செதுக்கி, கப்பலில ஏற்றி வந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். மூன்றிலயும் கிட்டத்தட்ட ஒரே காணிக்கைப் பட்டியல்: பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். ஆனால் காணிக்கை வாங்குகிற தெய்வம் மட்டும் மொழிக்கு மொழி மாறுது. சீனத்தில புத்தர். தமிழில தெனாவரை நாயனார் என்கிற விஷ்ணு. பாரசீகத்தில அல்லாஹ்.

இதைப் படிக்கிறபோது சிரிப்பும் வருது, ஆச்சரியமும் வருது. ஒவ்வொரு வாசகருக்கும் அவர் கேட்க விரும்புவதைச் சொல்லுகிற வேலை பேஸ்புக் காலத்தில கண்டுபிடிச்சது இல்லை. அதைச் செய்ய நான்ஜிங்கில தமிழ் எழுதத் தெரிஞ்ச ஒரு ஆள் இருந்திருக்க வேணும். எங்கட மொழிக்கு இந்தக் கடலில அவ்வளவு மதிப்பு இருந்திருக்குது.

கதை அதோட முடியேல்லை. பிறகு செங் ஹவின் படை இங்க சண்டை பிடிச்சு, அழகேஸ்வரனைச் சிறைப்பிடிச்சு, 1411இல் சீனத் தலைநகருக்குக் கொண்டு போனது. காணிக்கை கொடுத்ததும் அந்தக் கடற்படைதான், ஆளைப் பிடிச்சதும் அதேதான். கல்லை ஆக்கள் மறந்து போச்சினம். 1911இல் காலியில அதைக் கண்டெடுக்கிறபோது ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. இப்ப கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில இருக்குது. போனால் பாருங்கோ.

1963: பீக்கிங்கிலிருந்து வணக்கம்

அடுத்த குரல் காற்றில வந்தது. 1963 ஓகஸ்ட் 1 அன்று பீக்கிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏன் அந்த வருசம்? 1962 கடைசியில்தான் இந்தியாவும் சீனாவும் இமயமலையில போர் செய்தன. சோவியத் யூனியனோட இருந்த பிளவும் 1963இல் வெளிப்படையாக வெடிச்சது. டெல்லியையும் மொஸ்கோவையும் தாண்டி, தெற்காசிய ஆக்களோட நேராகக் கதைக்கப் பீக்கிங்குக்கு மொழிகள் தேவைப்பட்டன.

இலங்கையில அந்தக் குரலுக்கு ஏற்கெனவே காது இருந்தது. 1952இன் இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தில வருசத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்கினோம். கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபோது பீக்கிங் சார்பு அணிக்குத் தலைமை தாங்கினவர் நா. சண்முகதாசன், ஒரு தமிழர். 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட சாதி எதிர்ப்பு ஊர்வலமும், பிறகு தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் திறக்க வைச்ச போராட்டங்களும் அந்த அணி முன்னின்று நடத்தினவை. ஆகவே "சீனா" என்ற சொல் வடக்கில ஒரு காலத்தில ஒடுக்கப்பட்ட ஆக்களுக்கு நம்பிக்கையாகவும் இருந்தது. இதைச் சொல்லாமல் இண்டைய சீனாவை மட்டும் திட்டிப்போட்டுப் போறது நேர்மை இல்லை.

வானொலிக்கு வருவோம். சிற்றலை வானத்தில பட்டுத் தெறிச்சு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகும். எந்த அரசிட்டயும் அனுமதி கேட்கத் தேவையில்லை. சீன அறிவிப்பாளர்கள் கலைமகள் போன்ற தமிழ்ப் பெயர்களை வைச்சுக்கொண்டு செய்தி வாசிச்சினம், சீன மொழி படிப்பிச்சினம், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லிச்சினம். தமிழ்நாட்டில ஊர் ஊராக நேயர் மன்றங்கள் உருவாகின.

போர்க்காலத்தில எங்கட பக்கம் சிற்றலை பொழுதுபோக்கு இல்லை, உயிர்த் தேவை. பொருளாதாரத் தடையில பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில ஓடின றேடியோவைச் சுற்றி முழுக் குடும்பமும் இருந்து பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்ட கதையை வீட்டில பெரியாக்களிட்ட கேட்டுப் பாருங்கோ.

இங்க ஒரு ஞாயமான கேள்வி வரும். பிபிசி உலக சேவைக்கும் 2014 வரைக்கும் பிரித்தானிய வெளியுறவு அமைச்சுதானே காசு கொடுத்தது? வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா சிலாபத்துக்குக் கிட்ட இரணவிலவில கோபுரம் வைச்சிருந்ததே? ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல திருகோணமலையில அஞ்சல் நிலையம் நடத்தினதே? ஓம். எல்லா அரசுகளும் இந்தக் கடலுக்கு மேலால கதைச்சுக்கொண்டுதான் இருந்தவை.

அப்ப வித்தியாசம் எங்க? எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அளவுகோல் இருக்குது. அந்த வானொலிக்குள்ள எங்கட ஊரிலிருந்து ஒரு குரல் போனதா? தமிழோசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி கொடுத்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில, அவரின்ட வீட்டில வைச்சுக் கொல்லப்பட்டார். அவர் சொன்ன செய்தி சிலருக்குச் சுட்டது, அதுதான். தராகி சிவராம் 2005இல் கொல்லப்பட்டார். 2009 பெப்ரவரியில், தன்ர நிகழ்ச்சிகளில வெட்டு விழுது என்று சொல்லி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்குக் கொடுத்த பண்பலைச் சேவையைப் பிபிசி நிறுத்தியது. அந்த வானொலிக்கும் தன்ர நாட்டு நலன் இருந்ததுதான். ஆனால் எங்கட சாவு அதில செய்தியாக வந்தது.

ஒரு அலுவலகம், இரண்டு பெயர்ப்பலகை

சீன அமைப்புகள் எப்படி வேலை செய்யுதுகள் என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். எல்லாத்துக்கும் மேல கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியப் பிரசாரத் துறை. ஆங்கிலத்தில "பிரசாரம்" என்ற சொல் காதுக்கு நல்லாயில்லை என்று 1990களின் கடைசியில் அந்த மொழிபெயர்ப்பை மட்டும் மாற்றினார்கள். சீனத்தில பெயர் அதே பெயர்தான். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களுக்குக் கூட்டம் நடத்துகிற அரச தகவல் அலுவலகம் 1991இல் வந்தது. கட்சியின் வெளிநாட்டுப் பிரசார அலுவலகமும் அதுவும் ஒரே ஆக்கள், கதவில இரண்டு பலகை. 1931இல் தொடங்கின ஷின்ஹுவா, செய்தி நிறுவனமும் அரச அமைப்பும் ஒன்றாக இருக்கிற ஒன்று. 2014இல் இணையவெளி நிர்வாகம் வந்தது.

2018 மார்ச்சில் பெரிய மாற்றம் ஒன்று. மத்தியத் தொலைக்காட்சி, மக்கள் வானொலி, தமிழ் ஒலிபரப்பை நடத்தின சீன சர்வதேச வானொலி மூன்றையும் ஒன்றாக்கி, சீன ஊடகக் குழுமம் என்று பெயர் வைச்சு, பிரசாரத் துறையின் தலைமைக்குக் கீழ் நேராகக் கொண்டுவந்தார்கள். சினிமாவும் பதிப்பும் அதே துறைக்குக் கீழ் போயின. கட்சியின் ஊடகம் கட்சியின் குடும்பப் பெயரைத்தான் தாங்க வேணும் என்று ஷி ஜின்பிங் 2016இலேயே சொல்லிப்போட்டார்.

இதன் விளைவு என்ன? வூகானில கொரோனாக் காலத்தில நேரில போய்ப் பார்த்துக் காணொளி போட்ட சாங் சான் என்ற பெண்ணுக்கு 2020 டிசம்பரில் நாலு வருசச் சிறை. பேஸ்புக்கும் ட்விட்டரும் 2009இலிருந்து சீனாவுக்குள்ள தடை. அதாவது, தூதர் நல்லூரில வேட்டியோட நின்ற படத்தை நாங்கள் எங்கட போனில பார்த்து, கீழ நக்கல் அடிச்சு எழுதலாம். அவரின்ட நாட்டு மக்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே ஏலாது.

மன்னாரில யாருக்குச் சொன்ன செய்தி?

இப்ப மணல் திட்டுக்குத் திரும்புவோம். 2021 தொடக்கத்தில நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலயும் சூரிய, காற்று மின் திட்டம் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா எதிர்த்தது. டிசம்பர் தொடக்கத்தில, மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால திட்டம் நிற்குது என்று சீனத் தூதரகம் அறிவிச்சது. அடுத்த சில கிழமைக்குள்ள தூதர் இராமர் அணையில நிற்கிறார். 2022 மார்ச்சில் அந்தத் தீவுகளின் திட்டம் இந்தியாவிட்டப் போனது.

அந்தப் படத்தைக் கூர்ந்து பார்த்த கண்கள் எங்க இருந்தன? தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம், டெல்லியில. வேட்டியும் வலையும் எங்கட, செய்தி அவைக்கு.

வலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேணும். மன்னார் மீனவருக்கு வலை என்றால் சும்மா இல்லை. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வந்து வலைகளை அறுத்துக்கொண்டு போறது இங்க வருசக்கணக்கான காயம். அந்தக் காயத்துக்கு மேல ஒருவர் புது வலை வைச்சால் நன்றி வரும்தான். வாங்கின ஆளை நாங்கள் குறை சொல்ல மாட்டம், அவருக்கு அடுத்த நாள் கடலுக்குப் போக வேணும். ஆனால் இழுவை மடிப் பிரச்சினை அந்த வலையால தீராது. 2009 மே மாதம் ஜெனீவாவில் இலங்கை அரசைப் பாராட்டின தீர்மானத்துக்குச் சீனா ஆதரவாக வாக்களிச்சது. 2012இல் பொறுப்புக்கூறல் கேட்ட தீர்மானத்தை எதிர்த்து வாக்களிச்சது. இந்தியா 2009இல் சீனாவோட ஒரே பக்கம் நின்றதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. தூதர் வடக்குக்கு வாறதுக்கு ஏழு மாதம் முதல், 2021 மே மாதம், கொழும்பில சட்டமா அதிபர் திணைக்களத்துக்குச் சீனா கொடுத்த மின்னூலகத்தின் பெயர்ப்பலகையில சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன, தமிழ் இல்லை. சத்தம் போட்ட பிறகுதான் பலகையை அகற்றிச்சினம். 1409இல் தமிழ் இல்லாமல் கல் வெட்டேல்லை. 2021இல் தமிழ் இல்லாமல் பலகை வைச்சாச்சு. அறுநூறு வருசத்தில எங்கட மொழியின் நிலைமை எங்க போயிருக்குது என்று இந்த இரண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தால் தெரியும். அதில முதல் பொறுப்பு கொழும்பு அரசுக்குத்தான்.

நாங்கள் சீனாவின் தமிழைக் கேட்க வேண்டாம் என்று சொல்லேல்லை. பீக்கிங்கின்ட, டெல்லியின்ட, வொஷிங்டனின்ட எல்லாத்தையும் கேளுங்கோ. கேட்கிறபோது ஒன்றை மட்டும் பாருங்கோ: இந்தக் குரலுக்குக் காது இருக்கா? 2025இல் மன்னார் ஆக்கள் காற்றாலைக்கு எதிராகத் தெருவில இறங்கினபோது, அவை என்ன சொல்லிச்சினம் என்று யார் எழுதினது, யார் எழுதேல்லை? அந்தப் பட்டியலை நீங்களே போட்டுப் பாருங்கோ. அதில வாற வெற்றிடத்தைப் பீக்கிங்கும் டெல்லியும் நிரப்பப் போறதில்லை. மன்னாரில இருந்து எழுதத் தெரிஞ்ச ஆக்கள்தான் நிரப்ப வேணும். எழுதி எங்களுக்கும் அனுப்புங்கோ.