வெயில்ல பைக் ஆஃப் ஆகுதா? கார்புரேட்டரைத் திருகும் முன் இதைப் படிங்க!

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் பைக், மதியம் சிக்னலில் திணறி ஆஃப் ஆகுதா? கார்புரேட்டர் பைக் வைத்திருப்பவர்களுக்கு கோடையில் இது வழக்கமான தலைவலி. ஏன் இப்படி ஆகிறது, எதைச் சரி செய்யலாம்? பார்ப்போம்.

எந்த பைக்குகளுக்கு?

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி அமலுக்கு வந்ததும் பெரும்பாலான பைக்குகள் எஃப்ஐ-க்கு மாறிவிட்டன. அதில் சென்சாரே பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும். அதற்கு முந்தைய ஸ்ப்ளெண்டர், பழைய புல்லட், ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் அந்த வேலையை நாம்தான் பார்க்கணும்.

வெயிலில் என்ன நடக்கிறது?

1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. சூடானால் காற்று விரிந்து அடர்த்தி குறையும். 20 டிகிரியில் இருந்து 40 டிகிரிக்குப் போனால் சுமார் 6 சதவீதம் குறைகிறது. ஆனால் ஜெட் வழியாக வரும் பெட்ரோல் அதே அளவுக்குக் குறையாது. அதனால் கலவை 'ரிச்' ஆகும். கரும்புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் குறைவது இதன் அறிகுறிகள்.

முதலில் எதைப் பார்க்கணும்?

ஏர் ஃபில்டர் தூசி அடைத்திருந்தாலும் இதே பிரச்னைதான் வரும். அதை முதலில் சுத்தம் செய்யுங்கள். சோக் முழுசாக ஆஃப் ஆகிறதா என்றும் பாருங்கள். அடுத்து இன்ஜின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் சரி. கரி படிந்திருந்தால் ரிச். வெளுத்திருந்தால் 'லீன்', அதாவது பெட்ரோல் பத்தவில்லை.

டியூனிங் எப்படி?

* 10 நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் ஸ்க்ரூ முனை கெட்டுவிடும்.
* பழைய இடத்துக்கே கொண்டுவந்து, இன்ஜினை ஓடவிட்டு, கால் சுற்று கால் சுற்றாக மாற்றுங்கள்.
* ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால், வெளியே திருப்பினால் லீன் ஆகும். இன்ஜின் பக்கம் இருந்தால், உள்ளே திருகினால் லீன் ஆகும்.
* இன்ஜின் சத்தம் சீராகி, வேகம் அதிகமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐடில் வேகத்தை மேனுவல் சொல்லும் அளவுக்குக் குறையுங்கள்.

இந்த ஸ்க்ரூ ஐடிலையும் குறைந்த வேகத்தையும்தான் கட்டுப்படுத்தும். நீடில், மெயின் ஜெட் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மைலேஜ் ஆசை ஆபத்து

'இன்னும் கொஞ்சம் லீன் வச்சா மைலேஜ் கூடும்' என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் ரொம்பக் குறைந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். வெயிலில் ஹைவேயில் நீண்ட நேரம் ஓட்டும்போது பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளலாம். ஓடும்போதே பின் சக்கரம் லாக் ஆனால் உயிருக்கே ஆபத்து. 2 ஸ்ட்ரோக் பைக்குகளில் இந்த ரிஸ்க் அதிகம். மிச்சமாகும் பெட்ரோல் காசைவிட போரிங் செலவு பல மடங்கு!

நிறுத்திய பைக் ஸ்டார்ட் ஆகலையா?

இன்ஜின் சூட்டில் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி உள்ளே தேங்கலாம். சோக் போடாமல், ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகி ஸ்டார்ட் செய்யுங்கள். நிழலில் நிறுத்துங்கள், டேங்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள்.

வெயில் தணிந்ததும், குறித்து வைத்த பழைய சுற்றுக்கு ஸ்க்ரூவை மாற்ற மறக்காதீங்க!