தேயிலை மலையில் நமக்கு முன் இருந்தவர்கள்

கடந்த பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் 22 பேரையும் பெற்றோர் சிலரையும் அழைத்துக்கொண்டு பினாங்கிலிருந்து கேமரன் மலைக்குச் சென்று வந்தேன். தேயிலைத் தோட்டத்தையும், மலைவழியில் உள்ள செமாய்ப் பூர்வக்குடியினரின் சிற்றூர் ஒன்றையும் காட்டுவதே நோக்கம். கற்பிக்கச் சென்ற நான் கற்றுத் திரும்பிய பாடத்தை ஆசிரிய நண்பர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பேருந்து பினாங்குப் பாலத்தில் ஏறியதும் வலப்புறம் தெரிந்த ஜெரெஜாக் தீவை மாணவர்களுக்குக் காட்டினேன். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர், நோய்த்தடுப்புக்காக முதலில் தங்கவைக்கப்பட்ட இடம் அது. என் பாட்டனாரும் 1930களின் தொடக்கத்தில் கங்காணி ஒருவரோடு அவ்வழியே வந்தவர்தாம். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்னர்க் கங்காணி முறையே ஆள்சேர்ப்புக்குப் பெருவழியாக இருந்தது. 1938இல் இந்திய அரசு தடைவிதித்ததும் அதுவும் முடிவுற்றது.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி, 1931இல் போட்டு முடிக்கப்பட்ட பழைய மலைச்சாலையில் ஏறினோம். வளைவுகளில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றல் வராதிருக்க, வரலாறு சொல்லிக்கொண்டே வந்தேன். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இம்மலைப்பகுதியைக் கண்டறிந்தார். ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை அழித்துக் கன்று நட்டு இம்மலையை உருவாக்கியவர்கள் நம்மவர்கள். இவ்வாறுதான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

பின்னிருக்கையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, கேமரன் வருவதற்கு முன்னால் இங்கே யாருமே இல்லையா?"

"கொஞ்ச நேரத்தில் பார்க்கப்போகிறோமே, அவர்கள் இருந்தார்கள்" என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் கேள்வி என்னைத் தைத்தது.

சாலையிலிருந்து சற்று இறங்கினால் அந்தச் சிற்றூர். பலகை வீடுகள், இரண்டொரு மூங்கில் வீடுகள், மரவள்ளிக் கொல்லை, ஓடை. ஊர்த்தலைவரை அவர்கள் பாத்தின் என்று அழைக்கிறார்கள். முதியவரான அவர் மலாய்மொழியில் எங்களை வரவேற்றார். மூங்கிலால் ஆன ஊதுகுழலைக் காட்டி, அதன் அம்பு முனையில் ஈப்போ மரத்தின் நச்சுப்பாலைத் தடவும் முறையை விளக்கினார். ஈப்போ நகரின் பெயர் அந்த மரத்திலிருந்து வந்தது என்று அறிந்தபோது பிள்ளைகள் வியந்தனர்.

அப்போதுதான் அது நடந்தது. மாணவன் ஒருவன் தன் நண்பனின் காதில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "சக்காய்" என்று சொல்லிச் சிரித்தான்.

நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் புழங்கிய சொல் அது. தலைவாரி வராத பிள்ளையை, நாகரிகம் தெரியாதவனை அப்படிச் சொல்வார்கள். மறைப்பானேன், நானும் வகுப்பில் அச்சொல்லால் பிள்ளைகளைக் கடிந்ததுண்டு. அந்த மாணவன் அதை எங்கே கற்றான் என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். பெரியவர் கையமர்த்தினார். "அந்தச் சொல் எங்களுக்குத் தெரியும், சிக்கு. பிள்ளைக்குத்தான் அதன் பொருள் தெரியாது" என்றார். 'சிக்கு' என்பது ஆசிரியரை அழைக்கும் மலாய்ச் சொல். எனக்கும் அன்று அதன் முழுப்பொருள் தெரியாது என்பதை அவரிடம் சொல்ல நாணினேன்.

வீடு திரும்பிய பின் தேடிப் படித்தேன். பணியாள், அடிமை என்னும் பொருள்பட வழங்கிய சொல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் மலைவாழ் மக்களின் ஊர்களைச் சூறையாடிப் பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துச்சென்று விற்றிருக்கிறார்கள். பேராக்கில் 1880களில்தான் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. கேமரன் மலையேறியதும் ஏறத்தாழ அதே காலம்தான். 1960களில் ஒராங் அஸ்லி, அதாவது ஆதிமக்கள், என்னும் பெயர் அரசு வழக்கில் நிலைபெற்றது. பழஞ்சொல் மட்டும் வசையாக நம் வாயில் தங்கிவிட்டது.

'கூலி' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். நம் மொழியில் அது உழைப்புக்குரிய ஊதியம். பிறர் வாயில் அதுவே நம் பாட்டன்மாரை இழிக்கும் பெயராயிற்று. அந்தச் சொல் சுடும் என்பதை அறிந்த நாமே இன்னொருவரை இன்னொரு சொல்லால் சுட்டு வந்திருக்கிறோம்.

கேமரன் கண்டறிந்தார் என்பதும் அரை உண்மையே. குலோப் ரியாவ் என்ற துணைவரோடு யானைகளில் கிந்தா ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றார் அவர். அம்மலைகளோ முன்பே மக்கள் வாழ்ந்த மலைகள். நீலகிரியிலும் இதே கதைதான். ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியதைப் பேசுகிறோம். அதற்கு முன்பே அங்கு வாழ்ந்த தோதவர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் ஆகியோரை மறந்துவிடுகிறோம்.

பெரியவர் எங்களைத் தம் ஊரின் பழத்தோப்புக்கு அழைத்துச் சென்றார். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் டுரியான் மரங்கள். இன்ன மரம் இன்னாருடைய பாட்டன் நட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். செமாய் மக்களிடையே நட்டவருக்கே மரம் உரியது. அவருக்குப்பின் அவர் வழியினரைச் சேரும். பட்டா இல்லாத மக்களுக்கு அம்மரங்களே ஆவணம். "சாலை வந்தது, பிறகு தோட்டம் வந்தது. மரங்கள் அதற்கு முந்தியவை" என்றார்.

நம் இரு மக்களின் வரலாறும் ஓரிடத்தில் சந்திக்கிறது. 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கிடைக்காதிருக்க, தோட்டத் தொழிலாளரை வேலியிட்ட குடியிருப்புகளில் ஒன்றுசேர்த்தார்கள். ஒராங் அஸ்லி மக்களையும் காட்டிலிருந்து இறக்கி முகாம்களில் அடைத்தார்கள். அங்கே நோயாலும் ஏக்கத்தாலும் பலர் மாண்டனர். பின்னரே அம்முறை கைவிடப்பட்டது.

மொழியிலும் ஓர் ஒப்புமை உண்டு. செமாய், கம்போடியாவின் கெமர் மொழியும் இந்தியாவின் சந்தாலி, காசி மொழிகளும் அடங்கிய ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து சில தொடக்கப்பள்ளிகளில் அது ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. நமக்கோ எல்லாப் பாடமும் தமிழில் தொடங்கும் பள்ளிகள் உண்டு. தாய்மொழிப் பள்ளிக்காகக் குரல்கொடுக்கும் நாம், அவர்களது மொழியின் பெயரையாவது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

மறுநாள் தேயிலைத் தோட்டத்தில் நின்றோம். இன்று அங்கே கொழுந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் குடும்பங்களில் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பிள்ளைகளை அமரச்செய்து, அந்தச் சொல்லை வகுப்பில் நானும் பயன்படுத்தியிருக்கிறேன் என்றும், அது தவறு என்றும் சொன்னேன். ஆசிரியர் தம் தவற்றை ஒப்புக்கொள்வதை அவர்கள் அதிகம் கண்டதில்லை போலும், அவ்வளவு அமைதி.

கேமரன் மலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. நம் முன்னோரின் வியர்வையைத் தவறாமல் சொல்லுங்கள். அது சொல்லப்படவேண்டிய வரலாறு. அதை நமக்கு முன் அங்கிருந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். செமாய் ஊருக்குள் சென்றால், வேடிக்கை பார்ப்பவராக இன்றி விருந்தினராகச் செல்லுங்கள். அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். அந்தப் பழஞ்சொல்லை வீட்டிலும் வகுப்பிலும் விட்டொழியுங்கள்.

பள்ளி திறந்ததும் பயணம் குறித்துக் கட்டுரை எழுதச் சொன்னேன். அன்று சிரித்த அந்த மாணவன் இவ்வாறு தொடங்கியிருந்தான்: "இந்த மலையில் ஐயாவின் தாத்தா வேலை செய்தார். அதற்கு முன்பே செமாய் மக்கள் இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள்." அவன் விட்ட ஓர் ஒற்றெழுத்தை மட்டும் திருத்திக் கையொப்பமிட்டேன்.