ஸ்பார்க் பிளக் கடந்து வந்த பாதை

மோட்டார் தொழில் பழகப் புகும் இளைஞனிடம் முதலில் ஒப்படைக்கப்பெறும் வேலைகளுள் ஒன்று, தேய்ந்த ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது. எளிய வேலை என்றே பலரும் கருதுவர். ஆயினும் அவன் கையிலுள்ள அச்சிறு பொருள் உருப்பெற்ற வரலாறு நெடியது.

1860-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லெனுவார் என்பார் அமைத்த வாயு எஞ்சினை மின்பொறியே இயக்கியது. பின்வந்தோர் எல்லோரும் அதனை நம்பினாரல்லர். டைம்லர், பழுக்கக் காய்ச்சிய குழாயைக் கொண்டே எரிபொருளைக் கொளுத்தினார். எரியும் கணத்தை வேண்டியவாறு மாற்றுதல் அம்முறையில் அரிதாயிற்று. 1902-இல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் தொழிற்சாலையின் பொறியியலாளர் ஹோனல்ட், உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்குரிய பிளக்கையும் உருவாக்கிய பின்னர் மின்பொறி நிலைபெற்றது. நம் நாட்டில், 1951-இல் தோன்றிய மைக்கோ நிறுவனம் பெங்களூரில் பிளக்குகளைச் செய்யலாயிற்று.

பிளக் ஏன் தேய்கிறது? நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலுங்கால், ஒவ்வொரு பிளக்கும் 1,500 முறை பொறி உமிழ்கிறது. பொறிதோறும் உலோகம் சிறிது கரைகிறது, இடைவெளி அகல்கிறது, வண்டி திணறிப் பெட்ரோல் வீணாகிறது. 1923 முதல் விற்பனைக்கு வந்த ஈயம் கலந்த பெட்ரோல் முனையில் படிவுகளையும் சேர்த்தது. இந்தியாவில் அப்பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

பிளக்கைக் கழற்றியவுடன் எறிந்துவிடலாகாது. முதலில் அதன் முனையை நோக்குதல் வேண்டும். இளம்பழுப்பு நிறம் எஞ்சினின் நலத்தைக் காட்டும். உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதியைக் குறிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு, பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம் என எச்சரிக்கும். வெளுத்துக் கொப்புளித்த முனை, அளவுகடந்த வெப்பத்திற்குச் சான்று. எனவேதான், ஆறிய எஞ்சினில், சுற்றிலும் உள்ள தூசியை அகற்றி, ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையில் வைக்கச் சொல்லுகின்றனர் மூத்த மெக்கானிக்குகள். வரிசை கலைந்தால் எந்த சிலிண்டருக்கு நோய் என்பது மறைந்துபோம். புதிய பிளக்கின் இடைவெளியை அளந்து, முதலில் விரல்களாலேயே திருகி, பின்னரே ஸ்பானரால் இறுக்குதல் வேண்டும். இல்லையேல் மரை கெடும்.

இன்று இரிடியம் முனை கொண்ட பிளக்குகள் ஏறத்தாழ 1 லட்சம் கிலோமீட்டர் வரை உழைக்கின்றன. அடிக்கடி கழற்றும் தேவை குறைந்தது. பார்த்தறியும் பழக்கமும் உடன் குறைந்துவருகிறது. நோயை அறியாது பிளக்கை மட்டும் மாற்றினால், வண்டிக்காரர் சில நாளில் மீண்டும் பட்டறை வாயிலில் நிற்பார், செலவும் அவருடையதே. தாயகம் நீங்கிப் பிற மாநிலங்களில் கைத்தொழிலால் வாழும் நம்மவர்க்குப் பிறர் வைக்கும் நம்பிக்கையே மூலதனம். அதனைக் காக்க, பழைய பிளக்கைக் கையில் ஏந்தி ஒரு நிமிடம் உற்றுநோக்கும் வழக்கத்தை நாம் கைவிடாதிருப்போமாக.