பூட்டுப் போட்ட இசைத்தட்டு

கடையில் சாமான் வாங்கிக்கொண்டு போகிறவன் பின்னாலேயே கடைக்காரன் ஓர் ஆளை அனுப்பி, அவன் வீட்டுப் பரணில் ஒளிந்திருந்து வேவு பார்க்கச் சொன்னான் என்று கதை எழுதினால், எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். 2005-ஆம் வருஷம் அமெரிக்காவில் அது நடந்தது. செய்தவர்கள் ஸோனி பி.எம்.ஜி. என்னும் பெரிய இசைத்தட்டுக் கம்பெனியார்.

அவர்களுடைய பயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1982-இல் ஸி.டி. விற்பனைக்கு வந்தபோது அதற்குப் பூட்டு எதுவும் கிடையாது. ஒரு தட்டில் அடங்கியதை வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் பிரதி எடுத்துவிடும் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றும்? கேஸட்டில் பதிந்தால் ஒலி மங்கும். நம் ஊர்க் கடைத்தெருக்களில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துக் காலி கேஸட்டில் பதிந்து வாங்கியவர்களுக்கு அந்த இரைச்சல் நினைவிருக்கும். கம்ப்யூட்டர் எடுக்கும் பிரதியோ அசலேதான். 1999-இல் ஷான் ஃபானிங் என்ற பதினெட்டு வயதுப் பையன் நாப்ஸ்டர் என்ற ஏற்பாட்டைத் தொடங்கி, ஊர்பேர் தெரியாதவர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் எடுத்துக்கொள்ள வழி செய்தான். 2001-இல் கோர்ட்டு அதை முடக்கியது. ஆனால் வழி தெரிந்துவிட்டதே! 1999-இல் அமெரிக்க இசைப்பதிவு வியாபாரம் சுமார் 1,460 கோடி டாலர்; பதினைந்து வருஷத்துக்குள் அது ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

இதைக் கேட்டுச் சிரிக்க என்னால் முடியாது. நானும் எழுதி விற்றுப் பிழைக்கிறவன். என் நாவல் ஒன்று என்னைக் கேட்காமலே அச்சாகி நடைபாதையில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் அதை ஆவலோடு புரட்டிக்கொண்டிருந்தார். கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நின்றேன். ஆகவே, பூட்டுப் போட நினைத்ததை நான் குறை சொல்லவில்லை. பூட்டு யார் வாசலில் தொங்கியது என்பதுதான் என் கேள்வி.

முதலில் போட்ட பூட்டுகள் வேடிக்கையானவை. ஒருவகைத் தட்டில் ஓரத்து வளையத்தில் கம்ப்யூட்டரைக் குழப்பும் சங்கதி எதையோ எழுதிவைத்தார்கள். 2002-இல் யாரோ அந்த வளையத்தின் மேல் மை பேனாவால் கோடு இழுத்தார்கள், பூட்டுத் திறந்துகொண்டது. இன்னொரு பூட்டை, தட்டைச் செருகும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டிருந்தாலே போதும் என்று 2003-இல் பிரின்ஸ்டன் மாணவர் ஒருவர் எழுதிக் காட்டினார். பூட்டுக் கம்பெனி வழக்குப் போடப்போவதாக மிரட்டிவிட்டு, உடனேயே பின்வாங்கியது. பூட்டிய தட்டுகள் சில கருவிகளில் பாடவும் மறுத்தன. ஸி.டி.யைக் கண்டுபிடித்த இரண்டு கம்பெனிகளில் ஒன்றான ஃபிலிப்ஸ், இவற்றின் மேல் ஸி.டி. முத்திரை இருக்கக் கூடாது என்றது. மற்றொரு கம்பெனி எது என்கிறீர்களா? ஸோனிதான்.

2005-இல் ஸோனி பி.எம்.ஜி. போட்ட பூட்டு வேடிக்கையானதல்ல. தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டதும் நீண்டதோர் ஒப்பந்தம் வரும். சரி என்றால் பாட்டோடு ஒரு நிரலும் உள்ளே இறங்கும். இறங்கியதோடு நில்லாமல் தன்னை மறைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட நாலைந்து எழுத்துக் குறிகளில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பும் சொந்தக்காரன் கண்ணுக்குத் தெரியாது. மார்க் ரஸினோவிச் என்ற நிபுணர், தம் கம்ப்யூட்டரையே சோதித்தபோது இது அகப்பட்டது. அவர் திருடியவர் அல்லர். காசு கொடுத்துத் தட்டை வாங்கியவர். பிடுங்கி எறியப் பார்த்தார், ஸி.டி. கருவியே காணாமற்போயிற்று. அக்டோபர் 31-ஆம் தேதி அவர் எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டார்.

கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் ரேடியோவில், இது என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாதபோது அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற பாவனையில் பேசினார். அவர் பேசி ஒரு வாரம் ஆவதற்குள், வைரஸ் எழுதுகிறவர்கள் அந்த மறைவிடத்திலேயே தங்கள் சரக்கையும் ஒளித்துவைத்தார்கள். நிரலை நீக்கக் கம்பெனி கொடுத்த மருந்தோ, இன்னொரு கதவைத் திறந்துவிட்டது. முடிவில், ஐம்பத்திரண்டு தலைப்புகளில் தயாரித்த சுமார் 47 லட்சம் தட்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அவற்றில் 21 லட்சம் அதற்குள் விற்றுப்போயிருந்தன. டெக்ஸாஸ் மாநிலம் வழக்குப் போட்டது. 2007-இல் மத்திய வர்த்தகக் கமிஷனோடு செய்துகொண்ட சமரசத்தில், கம்ப்யூட்டர் பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

இத்தனையிலும் திருடனுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. ஊரில் யாராவது ஒருவன் ஒரு தடவை பூட்டை உடைத்தால் போதும், பாட்டு எல்லோருக்கும் போய்விடும். அப்படி இலவசமாக எடுத்துக்கொண்டவன் கம்ப்யூட்டரில் இந்த ஒற்றன் இல்லை. கடைக்குப் போய், வரிசையில் நின்று, பணம் கொடுத்தவன் கம்ப்யூட்டரில்தான் இருந்தான்.

இதே ஸோனியின் பழைய கதையும் ஒன்று உண்டு. 1976-இல் ஹாலிவுட் படக் கம்பெனிகள் இரண்டு, ஸோனியின் வீடியோ பதிவுக் கருவி திருட்டுக்குத் துணைபோகிறது என்று வழக்குப் போட்டன. ஸோனி எட்டு வருஷம் விடாமல் வழக்காடியது. டெலிவிஷனில் வருவதைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிந்துகொள்வது குற்றமில்லை என்று 1984-இல் ஸுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அன்றைக்கு அந்தக் கம்பெனிக்கு வாடிக்கைக்காரன் மேல் எவ்வளவு நம்பிக்கை! அன்று அது பெரும்பாலும் கருவிதான் விற்றது. பிறகு பாட்டு விற்பதிலும் பெரிதாக இறங்கியது.

2007-இல் ஈ.எம்.ஐ. கம்பெனி, இணையத்தில் தான் விற்கும் பாட்டுகளைப் பூட்டில்லாமல் விற்க முன்வந்தது. 2009-இல் மற்றப் பெரிய கம்பெனிகளும் ஆப்பிள் கடையில் பூட்டைக் கழற்றிவிட்டன. தட்டு விற்பனை அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. 2016 வாக்கில் வருமானம் மறுபடி ஏறத் தொடங்கியபோது, ஜனங்கள் பாட்டை வாங்குவதையே விட்டு, மாதச் சந்தா கட்டிக் கேட்கப் பழகியிருந்தார்கள். என் மகளும் அப்படித்தான் கேட்கிறாள். என் அலமாரியில் இருக்கும் தட்டுகளை அவள் ஒரு நாளும் கையில் எடுத்ததில்லை.