பதிவுப் பிரதியும் பணிப் பிரதியும்: கல்முனைக் கரையோர ஒளிப்பதிவுகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

அசையும் படத்தைப் பிடித்தலும் அதனை வெட்டித் தொகுத்தலும் வேறுவேறான இரு தொழில்களாகும். முன்னையதற்கு வாய்ப்பான வடிவம் பின்னையதற்கும் வாய்ப்பாக அமைதல் வேண்டுமென்ற நியதி இல்லை. திரைப்படத் தொகுப்பாளர் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். கமராவில் ஓடிய மூலச் சுருளில் அவர்கள் எடுத்த எடுப்பிலே கத்தரி வைப்பதில்லை. அதிலிருந்து பணிப் பிரதியொன்றை அச்சிட்டு, அதனையே வெட்டியும் ஒட்டியும் பார்த்தனர். தொகுப்பு முடிவான பின்னர், சுருளின் விளிம்பிற் பொறிக்கப்பட்ட எண்களை ஒப்புநோக்கி மூலச் சுருள் ஒரேயொரு தடவை வெட்டப்பட்டது. இன்று கமரா தரும் ஒடுக்கப்பட்ட கோப்பினைத் தொகுப்புக்கு இலகுவான வேறொரு வடிவிற்கு மாற்றிக்கொள்ளும் முறையும் இம்மரபின் வழிவந்ததே. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய அம்பாறைக் கரையோர ஊர்களின் அண்மைக்கால வாழ்வு ஒளிப்பதிவுகளிலும் தங்கியிருத்தலின், இது தொழில்நுட்பர் மாத்திரம் கவனிக்கவேண்டிய விடயமன்று.

இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும், யப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. செக்கனுக்கு 25 சட்டகங்கள் கொண்ட பால் முறை இங்கு நிலைபெற்றது. யப்பானில் 1976 இல் அறிமுகமான வீ.எச்.எஸ். நாடா, காலப்போக்கிற் கலியாண வீடுகளுக்கும் கமராவைக் கொண்டுவந்து சேர்த்தது. இரு பொறிகளை இணைத்து, ஒன்றில் ஓடுவதை மற்றையதிற் பதிதலே அக்காலத் தொகுப்பு. பிரதியிலிருந்து பிரதி எடுக்குந்தோறும் நிறம் கசிந்தது, முகங்கள் மங்கின.

இக்குறையை நீக்கியது 1995 இல் வந்த டீ.வி. எனும் இலக்கமுறை நாடா. செக்கனுக்கு 25 மெகாபிற் அளவில் படத்தை இது ஒடுக்கிற்று. ஆயின் ஒவ்வொரு சட்டகமும் தனித்தனியே ஒடுக்கப்பட்டமையால், எந்தச் சட்டகத்திலும் நின்று எந்தச் சட்டகத்திலும் வெட்டுதல் கணினிக்கு எளிதாயிற்று. நாடாவிலிருந்து கணினிக்கு எடுத்ததே பணிப் பிரதியாகவும் அமைந்தது; மாற்றம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள், ஞாயிறும் பூரணையும் கூடிய அக்காலையில், ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது மினி டீ.வி. நாடாவே பரவலாக வழக்கிலிருந்தது. இலங்கையில் மிகக்கூடிய உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். 10,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அழிவின் காட்சிகள் மாத்திரமல்ல, அலையோடு போன வீதிகளும் வீடுகளும் மனிதரும் முன்னர் எவ்வாறிருந்தனர் என்பதைக் காட்டும் கலியாண வீட்டுக் காட்சிகளும் இத்தகைய நாடாக்களுக்கு உரியனவே. அவற்றின் பெறுமதியை அளவிட முடியாது.

இதன் பின்னரே சிக்கல் தோன்றியது. படத்தை ஒடுக்கும் கணிதத்தின் அடித்தளம் 1974 இல் வெளியான ஒரு கட்டுரை. பெங்களூரிற் பிறந்த நசீர் அஹ்மத், ரி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் அதில் விளக்கிய கொசைன் உருமாற்றமே டீ.வி. நாடாவுக்கும் எம்பெக் முறைகளுக்கும் ஆதாரமாயிற்று. (நம்மூர்க் கலியாண வீடியோவின் பின்னணியில் இம்மூவரும் நிற்பதைப் பலர் அறியார்.) எம்பெக் முறைகளும், அவற்றைத் தொடர்ந்து 2003 இல் நியமமான எச்.264 உம் மேலுமொரு படி சென்றன. இம்முறைகளில் முழுமையான சட்டகம் இடையிடையே மாத்திரம் வைக்கப்படுகின்றது. ஏனையவை, முன்னுள்ள அல்லது பின்னுள்ள சட்டகங்களிலிருந்து எவை நகர்ந்தன, எவை மாறின என்ற குறிப்புக்களாகவே சேமிக்கப்படுகின்றன. சோனியும் பனசொனிக்கும் 2006 இல் அறிவித்த ஏ.வி.சி.எச்.டி. கமராக்கள் இவ்வழியைப் பின்பற்றி, உயர்தெளிவுப் படத்தைச் செக்கனுக்கு 24 மெகாபிற்றுக்குள் அடக்கின. ஒடுக்காவிடின் அத்தகைய படத்தின் ஒரு சட்டகமே ஏறத்தாழ 6 மெகாபைற் பெறும். ஒரு மணி நேரத்துக்கு 560 கிகாபைற் வேண்டும். அதனை 11 கிகாபைற்றுக்குள் அடக்கியமை பெருஞ்சாதனையே.

ஆனால் அந்தச் சுமை தொகுப்பவர் தலையில் இறங்கிற்று. பொல்லடியை ஒருவர் தொகுப்பதாகக் கொள்வோம். பொல்லோடு பொல் மோதும் கணத்தில் வெட்டினாலன்றித் தாளம் பிசகும். அக்கணத்துச் சட்டகமோ கோப்பில் முழுமையாக இல்லை. அதனைக் காட்டுவதற்குக் கணினி முந்திய முழுச்சட்டகத்துக்குச் சென்று, இடையிலுள்ள குறிப்புக்களையெல்லாம் அவிழ்த்துக் கணித்து வரவேண்டும். அன்றைய கணினிகள் இதில் திணறின. மருதமுனையின் கைத்தறி இதனை விளக்கப் போதும். சிட்டமாகக் கட்டிவரும் நூல் கொண்டுவருவதற்கு வசதியானது. நெய்வதற்கு அதனை அவிழ்த்துப் பாவாகவும் ஊடையாகவும் சுற்றியாக வேண்டும். சிட்டத்தைத் தறியில் ஏற்றி நெய்யும் நெசவாளர் இல்லை.

சுற்றி வைக்கும் இவ்வேலைக்கென அவிட் நிறுவனம் 2004 இல் டி.என்.எக்ஸ்.எச்.டி. எனும் வடிவையும், அப்பிள் நிறுவனம் 2007 இல் புரோரெஸ் எனும் வடிவையும் வெளியிட்டன. இரண்டிலும் ஒவ்வொரு சட்டகமும் மீண்டும் தன்னளவில் முழுமை பெற்றது. அதற்கான விலை இடம். செக்கனுக்கு 25 சட்டகங்கள் ஓடும் உயர்தெளிவுப் படம் புரோரெஸ் 422 இல் 122 மெகாபிற் பெறும். ஒரு மணி நேரம் 55 கிகாபைற்றாக விரியும். 2008 இல் வந்த கெனன் 5டி மார்க் 2 நிழற்படக் கமராவோ வேறொரு தொல்லையையும் கொணர்ந்தது. எச்.264 இற் பதிந்த அது, 2010 மார்ச் வரை செக்கனுக்கு 30 சட்டகங்களை மாத்திரமே தந்தது. பால் முறை வழங்கும் இலங்கை போன்ற நாடுகளில் வடிவோடு வேகத்தையும் மாற்றவேண்டியதாயிற்று.

இம்மாற்றம் பற்றிய தவறான எண்ணமொன்று இன்னும் நிலவுகின்றது. கோப்பு ஐந்து மடங்கு பெருத்தால் படமும் ஐந்து மடங்கு தெளியும் எனச் சிலர் கருதுவர். கமரா கைவிட்ட நுணுக்கம் எம்மாற்றத்தாலும் மீளாது. தொகுக்கும்போதும் நிறம் திருத்தும்போதும் மேலும் கெடாதிருத்தலே பயன். எனவே வேலை முடிந்து வன்தட்டில் இடம் போதாதபோது அழிக்கத்தக்கது 55 கிகாபைற் பணிப் பிரதியே. கமராவின் 11 கிகாபைற் மூலத்தைக் காத்தால் பணிப் பிரதியை எப்போதும் மீளச் செய்யலாம். நடைமுறையிற் பெரும்பாலும் இரண்டும் அழிக்கப்பட்டன. வாடிக்கையாளர் கையிற் சேர்ந்த டி.வி.டி. மாத்திரம் எஞ்சியது. அதிலுள்ள எம்பெக்-2 படம் பார்ப்பதற்கென இறுக்கி ஒடுக்கப்பட்டது. தொகுப்பிலே தள்ளப்பட்ட காட்சிகள் அதில் இல்லை. வரலாற்று மாணவன் தேடுவன பெரும்பாலும் அவ்வாறு தள்ளப்பட்டவற்றிலேயே இருக்கும்: பந்தலுக்கு அப்பாலுள்ள தெரு, வாசலில் நிற்கும் அயலார், கடற்பக்கத்து மதில்.

2010 அளவில் கணினிகள் வலுப்பெற்று, கமராக் கோப்பை நேரடியாகவே தொகுக்க முடிந்தமையால், இடைமாற்றம் வழக்கொழிந்ததெனச் சிலர் எழுதினர். அது அவசர முடிவாயிற்று. 2013 இல் எச்.265 வந்தது, 2017 முதல் ஐபோன்கள் அதனை ஏற்றன. கைத்தொலைபேசிப் பதிவில் சட்டக வேகமே கணத்துக்குக் கணம் மாறுவதால், நெடிய காட்சிகளில் ஒலியும் உதடும் பிரிந்துபோவதுண்டு. மீண்டும் மாற்றமே மருந்தாயிற்று. இலவசமாகக் கிடைக்கும் எப்.எப்.எம்பெக் நிரல் இவ்வேலையைச் சாதாரண கணினியிலும் செய்கின்றது.

டீ.வி. நாடாக்களின் நிலை வேறு. அவற்றுக்கு எம்மாற்றமும் தேவையில்லை. ஓட்டும் கருவியே தேவை. அக்கமராக்கள் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. பழுதடைந்தவற்றுக்கு உதிரிப்பாகம் கிடைப்பதும் அரிது. ஈரமும் உப்பும் கலந்த கடற்காற்று நாடாவுக்குப் பகை. ஒரு மணி நேர நாடாவைக் கணினிக்குள் எடுக்க ஒரு மணி நேரமும் 13 கிகாபைற் இடமும் போதும்.